பெரிய பன்னா துணி எங்கே கிடைக்கும்?

மாப்பிள்ளைச் சம்பாவையும் கருப்புக் கவுனியையும் வியாபாரிக்குப் போடாமல், சாப்பிடுறவங்களுக்கே நேரா அனுப்புற உழவர்கள் இப்போ பெருகிட்டாங்க. அதுக்காகப் போனை நிமிர்த்தி வைத்து வீடியோவில் பேசவும் பழகிட்டாங்க. பேச்சு நன்றாகத்தான் இருக்கு. முதுகுக்குப் பின்னாடி தெரிவதுதான் கோளாறு. கொடியில் காயும் துண்டு, பாதி திறந்த பீரோ, அதுக்குப் பக்கத்தில் ஒரு பழைய யூரியா சாக்கு. அதற்குள் இருப்பது விதைநெல்லாகவே இருக்கட்டும். பத்து வருசமா உப்பு உரம் தொடாத ஆளாகவே இருக்கட்டும். சென்னையில் உட்கார்ந்து பார்க்கிற அம்மாவுக்கு அது எப்படித் தெரியும்? சாக்கு மேல் உள்ள எழுத்தைத்தான் அவர் படிப்பார். அடுத்த ஆர்டர் அங்கேயே நின்று போகும்.

ஆகவே பின்னாடி ஒரு துணி கட்டணும். அங்கேதான் அகலப் பிரச்சினை வருது.

திருச்சி பெரிய கடை வீதியிலோ, என்.எஸ்.பி. ரோட்டிலோ துணிக்கடையில் போய் "பத்தடி அகலத்தில் ஒரே துணி வேணும்" என்று கேட்டால், கடைக்காரர் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார். துணியின் அகலத்துக்குக் கடை வழக்கில் பன்னா என்று பேர். ரவிக்கைத் துணி, சட்டைத் துணி எல்லாம் 36, 44 அங்குலப் பன்னா. பெரிய பன்னா என்றால் 58, 60 அங்குலம், அதாவது ஐந்தடி. அதற்கு மேல் வேணும்னா விரிப்புத் துணி நெய்கிற ஊருக்குத்தான் போகணும்.

இந்த அளவெல்லாம் தறியிலிருந்து வந்தது. கையால் நாடாவை எறிந்து பிடிக்கிற தறியில், ஒரு நெசவாளியின் இரண்டு கை எட்டுகிற தூரம்தான் துணியின் அகலம். 1733-இல் இங்கிலாந்தில் ஜான் கே விசைநாடாவுக்குக் காப்புரிமை வாங்கிய பிறகுதான் ஒரே ஆள் அகலத் துணி நெய்ய முடிந்தது. அதற்கு முன் அங்கேயும் அகலத் துணிக்கு இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும். நம்ம உறையூர் துணி கிரேக்கர் எழுதிய 'பெரிபிளஸ்' நூல் காலத்திலேயே கடல் தாண்டியது. அதில் அர்கரு என்று வரும் ஊர் உறையூர்தான் என்று அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள். புகழ் மெல்லிசுக்கு, அகலத்துக்கு இல்லை. இன்றைக்கும் கைத்தறிப் புடவை 45 முதல் 48 அங்குலத்துக்குள்தான்.

கோயில் தேருக்குக் கட்டும் சீலைகளைப் பாருங்கள். துண்டு துண்டாக இணைத்துத் தைத்து, தையல் மேலேயே வேறு நிறத் துணியை ஒட்டி அலங்காரம் ஆக்கிவிடுவார்கள். ஒட்டும் தெரியாது, அழகும் சேரும். திருச்சிக்கு வெள்ளைத் துணியில் படம் பார்ப்பதும் பழசுதான். இங்கே ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-இல் டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவியை வாங்கி, கூடாரம் போட்டு ஊர் ஊராகப் படம் காட்டினார். அப்போ துணிக்கு முன்னாடி சனம் உட்கார்ந்தது. இப்போ துணிக்கு முன்னாடி நாம உட்காரணும், அவ்வளவுதான்.

கடைக்குப் போகும் முன் அளவு எடுங்கள். பலரும் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். சாதாரணப் போனின் கேமரா, எட்டடி தள்ளி இருக்கிற சுவரில் ஏறத்தாழ பத்து, பதினோரு அடி அகலத்தை அள்ளிவிடும். ஸ்ரீரங்கத்துத் தெரு வீடுகளில் அறையே அவ்வளவு அகலம் இருக்காது. ஆனால் அதே இடத்தில் 2 மடங்கு ஜூம் வைத்தால் ஐந்தரை அடிதான் தெரியும். படத்தின் தெளிவு கொஞ்சம் குறையும். ஆனாலும் வாட்ஸ்அப்பில் பார்ப்பதற்கு அது போதும். ஜூமில் வைத்து, போனை ஏழடி தள்ளி நிறுத்தி, துணியை முதுகுக்கு மூன்றடி பின்னால் கட்டினால், சுமார் ஏழடி அகலமும் நான்கடி உயரமும் துணி தெரியும். கணக்கு வேண்டாம் என்றால், துணி வரும் இடத்தில் இரண்டு பேர் ஆளுக்கொரு மூங்கில் குச்சியோடு நிற்கட்டும். போனில் பார்த்துக்கொண்டே "இன்னும் தள்ளு, இன்னும் தள்ளு" என்று சொல்லி, படத்தின் ஓரத்தில் குச்சி மறைகிற இடத்தில் டேப் பிடித்து அளந்துவிடலாம். இரண்டு பக்கமும் முக்கால் அடி கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி துணி. திரை என்றால் மேலிருந்து கீழே நீளவாக்கில் தொங்கணும் என்று யார் சொன்னது? படுக்கப் போடுங்கள். 58 அங்குலத் துணியில் மூன்றரை மீட்டர் வாங்கி, அதன் கரை மேலே வரும்படி கட்டினால் பதினொன்றரை அடி அகலம், ஏறத்தாழ ஐந்தடி உயரம். ஒரு தையல் கிடையாது. உட்கார்ந்து பேசுபவருக்கு இது தாராளம்.

வீட்டில் எட்டு முழ வேட்டி இருந்தால் கடைக்கே போக வேண்டாம். அது சுமார் 3.6 மீட்டர் நீளம், 50 அங்குல அகலம். படுக்கக் கட்டினால் ஏறத்தாழ பன்னிரண்டு அடிக்கு நான்கு. ஜூமில் எடுத்தால் நாம் சொன்ன அளவுக்குச் சரியாக வரும். போனை நெட்டுக்குத்தலாக வைத்து எடுக்கும் சின்ன வீடியோவுக்கு அதே வேட்டியை நீளவாக்கில் தொங்கவிடலாம்.

நின்றுகொண்டு பேசணும், நாற்றும் செடியும் பக்கத்தில் வைக்கணும் என்றால்தான் நிஜமான பெரிய பன்னா தேவை. அதுக்குச் சுலபமான வழி படுக்கை விரிப்பு. டபுள் விரிப்பு 90க்கு 108 அங்குலம், அதாவது ஏழரை அடிக்கு ஒன்பது அடி. கோ-ஆப்டெக்ஸில் ஒற்றை நிறம் இருக்கான்னு கேளுங்கள். வெளுக்காத காடா துணியாகவே வேணும்னா, இங்கிருந்து 80 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற கரூர் விரிப்புத் துணிக்குப் பேர் போன ஊர். 90, 108, 120 அங்குலப் பன்னாவெல்லாம் இந்த வகைத் துணியில்தான். ஈரோட்டில் திங்கள் இரவு தொடங்கி செவ்வாய் நடக்கும் ஜவுளிச் சந்தையிலும் விசாரிக்கலாம். ஒரு ஆளுக்காகப் போவதை விட, குழுவில் நாலைந்து பேர் சேர்ந்து ஒருவரை அனுப்புவது நல்லது. பாலியஸ்டர் சுருங்காது, மலிவு என்று கடையில் தள்ளிவிடப் பார்ப்பார்கள். பருத்தி போடுகிறவனுக்காகப் பேசுகிற நாம் அதுக்கு முன்னாடி உட்கார்ந்து பேசுவது எனக்கு ஒட்டவில்லை.

நிறம்? பச்சைத் திரை வாங்கிக் கம்ப்யூட்டரில் பின்னணி மாற்றலாம் என்று இளவட்டங்கள் சொல்வார்கள். கையில் கீரைக்கட்டைப் பிடித்துப் பேசிப் பாருங்கள், திரையோடு கீரையும் காணாமல் போகும்! சுத்த வெள்ளையும் ஆகாது. வெளிச்சத்தைப் பார்த்து போன் படத்தை மட்டுப்படுத்த, நம்ம முகம் கறுத்துப் போகும். சாம்பல் நிறம்தான் எதுக்கும் ஒத்துப்போகும், அரிசிக்கும் காய்க்கும் முகத்துக்கும்.

அந்தச் சாம்பலை நாமே ஏற்றலாம். காடா துணியில் நெசவுக் கஞ்சி இருக்கும். ஒரு ராத்திரி ஊறவைத்து, சலவைச் சோடா போட்டுக் கொதிக்கவைத்து அலசணும். முதல் சலவையிலேயே துணி சுருங்கும், அதனால் அளந்து வெட்டுவது அதுக்குப் பிறகு. நாம் சொன்ன மூன்றரை மீட்டர் துணி முக்கால் கிலோ வரும். அதுக்கு 150 கிராம் கடுக்காய்த் தூளை வெந்நீரில் கரைத்து, துணியை ஒரு மணி நேரம் ஊறவிட்டு, அலசாமல் காயவிடுங்கள். துருப்பிடித்த ஆணி, லாடம், வெல்லம், தண்ணீர் சேர்த்து இரண்டு மூன்று வாரம் முன்பே புளிக்கவைத்த கரைசலை வடிகட்டி, நிறையத் தண்ணீரில் கலந்து அதில் துணியை முக்கினால், கண்ணெதிரே சாம்பல் ஏறும். கலம்காரிக்காரர்கள் கறுப்புக்குப் பயன்படுத்துவதும் இதே இரும்புத் தண்ணீர்தான். ஜீவாமிர்தம் கலக்கிப் பழகின கைக்கு இது பெரிய வேலையில்லை. இரும்பு கூடினால் இழை நைந்துவிடும், ஆகவே நீர்க்கக் கலந்து, பிறகு நன்றாக அலசுங்கள். பாத்திரம் சின்னதாக இருந்தால் திட்டுத்திட்டாக வரும். மாட்டுத் தண்ணித் தொட்டியைக் கழுவிப் பயன்படுத்தினால் துணி தாராளமாகப் புரளும். ஆனால் வேலை முடிந்ததும் தொட்டியை நன்றாகத் தேய்த்துக் கழுவாமல் மாட்டுக்குத் தண்ணி வைக்காதீர்கள்.

கட்டும்போது மேல் மடிப்பில் மூங்கிலைச் செருகி இரண்டு ஆணியில் தொங்கவிடுங்கள். முதல் நாள் ராத்திரியே லேசாக நனைத்துத் தொங்கவிட்டால் பாதிச் சுருக்கம் தானே இறங்கும். காரை வீட்டில் குரல் எதிரொலித்தால் தரையில் ஒரு ஜமுக்காளம் விரியுங்கள். ஆடிக் காற்றில் திண்ணையில் வைத்து எடுப்பதாக இருந்தால் கீழ் மடிப்புக்குக் கனம் வேணும். புளியங்கொட்டையை நீளப் பையில் தைத்துச் செருகிவிடலாம், துவைக்கும்போது மட்டும் உருவி எடுத்துக்கணும்.