கார்த்திகைக் கூட்டத்தைப் பிரித்தெடுக்கும் மென்பொருள்

கையா விண்கலத்தின் மூன்றாவது தரவுத் தொகுப்பு 2022 ஜூனில் வெளியானது. சுமார் 180 கோடி விண்பொருள்கள். பொருளுக்கு ஒரு வரிசை. வரிசைதோறும் இருப்பிடம், ஒளியளவு, நிறம், நகரும் வேகம் என நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட விவரங்கள். எக்செல் 10,48,576 வரிசைகளோடு நின்றுவிடும். அதற்குள் அடங்கும் ஒரு சிறு துண்டை எடுத்தாலும், எண்களை வாசித்துக்கொண்டே போனால் வானம் பிடிபடாது. வரைந்து பார்க்க வேண்டும். அதற்கென்றே இருக்கிறது டாப்கேட் என்னும் மென்பொருள்.

இதை எழுதியவர் பிரிட்டனின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்க் டெய்லர். இலவசம். வானியல் தரவுக்கான ஃபிட்ஸ் வடிவக் கோப்பென்றால் முழுவதையும் நினைவகத்தில் ஏற்றாமல், அப்போதைக்கு வேண்டிய பகுதியை மட்டும் வட்டிலிருந்து படிக்கும். பல லட்சம் வரிசைகள் சாதாரண மடிக்கணினியிலேயே சட்டென்று திறப்பது அதனால்தான்.

கார்த்திகை விண்மீன் கூட்டத்தை எடுத்துக்கொள்வோம். அந்தத் திசையில் சில பாகை அகலத்துக்குத் தெரியும் விண்மீன்களையெல்லாம் தரவிறக்கினால், கூட்டத்தைச் சேர்ந்தவையும் வெகுதொலைவில் பின்னால் இருப்பவையும் கலந்தே வரும். வானில் ஒவ்வொன்றும் எத்திசையில் எவ்வளவு நகர்கிறது என்று டாப்கேட்டில் புள்ளிகளாக வரைந்தால், பெரும்பாலானவை நடுவில் குவிந்திருக்க, சற்றுத் தள்ளித் தனியே ஒரு திட்டு தெரியும். ஒன்றாகப் பிறந்து ஒன்றாகவே நகரும் கார்த்திகையின் விண்மீன்கள் அவை. சுட்டியால் அந்தத் திட்டைச் சுற்றிக் கோடு இழுத்தால் போதும், தனிக் குழுவாகிவிடும். அடுத்த சாளரத்தில் நிறத்துக்கும் ஒளிக்குமான படத்தைத் திறந்தால், சிதறிக் கிடக்கும் புள்ளிகளுக்கிடையே அதே குழு மெல்லிய வளைகோடாக ஓடும். ஒரு படத்தில் பிரித்தது எல்லாப் படங்களிலும் பிரிந்து நிற்பதுதான், என் பார்வையில், இந்த மென்பொருளின் உயிர்.

தொலைவும் கிடைக்கும். பூமி சூரியனைச் சுற்றும்போது விண்மீன் இடம் மாறுவதாகத் தோன்றும் அளவே தொலைவுக்குத் திறவுகோல். 1997இல் வெளியான ஹிப்பார்கோஸ் விண்கலத்தின் பட்டியலின்படி கார்த்திகைக் கூட்டம் 400 ஒளியாண்டுக்கும் குறைவான தொலைவில் இருந்தது. பிற முறைகள் அதை ஏற்கவில்லை. சர்ச்சை பல ஆண்டுகள் நீடித்தது. கையாவின் எண்களோ 440 ஒளியாண்டை ஒட்டி நிற்கின்றன.

குழுவுக்குள் ஒரு புள்ளி மட்டும் விலகி நின்றால்? அதைச் சொடுக்கினால் அதன் வரிசை ஒளிரும். பிரான்சின் ஸ்திராஸ்பூர்க் தரவு மையம் தரும் அலாதீன் மென்பொருளும் திறந்திருந்தால், அந்த இடத்தின் உண்மையான வானப் படத்தை அங்கே வரவழைக்கலாம். அருகருகே ஒட்டிய இரண்டு விண்மீன்களின் ஒளி கலந்து அளவைக் கெடுத்திருக்கிறதா என்று கண்ணாலேயே சரிபார்க்கலாம். அதே மையத்தின் விசியர் சேவையில் பல்லாயிரம் பட்டியல்கள் காத்திருக்கின்றன. எதையும் நேரே டாப்கேட்டுக்குள் இழுத்துக்கொள்ளலாம்.