ஒருநாள் பூக்கும் டேலிலி

வீட்டுத்தோட்டம் என்றால் எங்கள் திட்ட அறிக்கைகளில் கத்தரி, வெண்டி, மிளகாய், பயிற்றை என்றுதான் எழுதுவோம். பூக்கன்றுக்கு அதில் இடம் இல்லை. ஆனால் வீடு வீடாகப் போய்வருகிறவர்களுக்குத் தெரியும், தகரக் கொட்டிலானாலும் வாசலில் ஒரு செவ்வரத்தையோ நித்தியகல்யாணியோ நிற்கும். அந்த வாசலுக்கு ஏற்ற இன்னொரு பூவைப் பற்றி இம்முறை எழுதுகிறேன்.

என்னோடு படித்த தோழி ஒருத்தியின் பண்டாரவளை வீட்டிலிருந்து நான்கு டேலிலிக் கன்றுகளை ஈரச் சாக்கில் சுற்றிக் கிளிநொச்சிக்குக் கொண்டுவந்தேன். மலைநாட்டுக் குளிரில் நின்றவை எங்கள் வெயிலைத் தாங்குமா என்ற பயம் இருந்தது. வெட்டவெளியில் நட்ட இரண்டும் கருகிவிட்டன. கிணற்றடியில், பின்னேரம் மாமர நிழல் விழும் இடத்தில் வைத்த இரண்டும் பிடித்துக்கொண்டன.

பெயரில் லில்லி இருந்தாலும் இது உண்மையான லில்லி இனம் அல்ல. நீண்ட புல் போன்ற இலைகள் நிலத்திலிருந்தே கிளம்பும். நடுவில் எழும் தண்டில் பல மொட்டுகள் இருக்கும். ஒரு பூ காலையில் விரிந்தால் இரவோடு வாடிவிடும். அடுத்த நாள் அடுத்த மொட்டு. இப்படியே ஒரு தண்டு பல நாட்களுக்குப் பூக்கும்.

நடுவதற்கு ஐப்பசி மழைத் தொடக்கம் நல்லது. ஒரு நாளில் ஆறு மணி நேர வெயிலாவது வேண்டும், ஆனால் வன்னியில் அது காலை வெயிலாக இருக்கட்டும். ஓரடிக் குழியில் மக்கிய மாட்டெருவும் மண்ணும் கலந்து, வேர்களை விரித்து வையுங்கள். இலையும் வேரும் சேரும் இடம் மண்ணுக்குள் ஓர் அங்குலம் மட்டுமே இருக்கவேண்டும். ஆழமாகப் புதைத்தால் பூக்காது. கன்றுக்குக் கன்று ஒன்றரை அடி இடைவெளி விடுங்கள். இதன் வேர்கள் தடித்து நீரைச் சேமிப்பதால், இரண்டு மூன்று நாட்கள் தண்ணீர் ஊற்ற மறந்தாலும் செடி சாகாது. மொட்டு வரும் காலத்தில் மட்டும் காயவிடாதீர்கள். மாரியில் வெள்ளம் நிற்கும் வளவென்றால் மண்ணை உயர்த்தி நடுங்கள், இல்லாவிட்டால் அழுகிவிடும். மொட்டில் அழுக்கணவன் மொய்த்தால் தண்ணீரை வேகமாகப் பீச்சினாலே போதும். யூரியாவை அள்ளிப் போடவேண்டாம், இலை மட்டுமே செழிக்கும்.

பூனை வளர்ப்பவர்கள் கவனிக்கவேண்டும். இந்தச் செடியைத் தின்றால் பூனையின் சிறுநீரகம் பழுதாகும். நம் வேலிகளில் படரும் கார்த்திகைப்பூ வேறு செடி, அதன் கிழங்கு மனிதருக்கே நஞ்சு.

சீனாவில் டேலிலிக்குக் 'கவலை மறக்கும் செடி' என்று பெயர். ஏறத்தாழ 2,500 ஆண்டுகளுக்கு முன் தொகுக்கப்பட்ட அவர்களின் பழைய பாடல்களில், போருக்குப் போன கணவனுக்காகக் காத்திருக்கும் ஒருத்தி இதை வீட்டுப் பின்புறம் நட ஆசைப்படுகிறாள். பிற்காலத்தில் இது தாய்மாரின் பூவானது. தூரம் போகும் மகன், தாய் கவலைப்படாதிருக்க இதை நட்டுவிட்டுப் போவானாம்.

இந்தக் கதையை மகளிர் குழுக் கூட்டமொன்றில் ஆர்வத்தோடு சொன்னேன். அங்கிருந்த ஓர் அம்மாவின் மகனைப் பற்றி 2009 முதல் எந்தத் தகவலும் இல்லை. "மறக்கிறதுக்கு மருந்தெண்டால் எனக்கு வேண்டாம் பிள்ளை. நான் மறந்தால் அவனை ஆர் தேடுறது?" என்று கேட்டார். எனக்கு முகம் கறுத்துவிட்டது. யாரிடம் எதைச் சொல்கிறோம் என்பதை யோசிக்காமல் வாய்விட்டுவிட்டேன். கூட்டம் முடிந்து போகும்போது அவரே திரும்பி வந்து, "பூ வடிவெண்டால் ஒண்டு கொண்டுவா, நட்டுப் பாப்பம்" என்றார்.

மூன்று நான்கு ஆண்டுகளில் செடி புதராகிப் பூக்கள் குறையத் தொடங்கும். அப்போது முழுவதையும் கிளறி எடுத்து, ஒவ்வொன்றிலும் வேரும் இலையும் இருக்கும்படி பிரித்து, இலையைப் பாதியாக வெட்டி நடலாம். என் கிணற்றடிப் புதரைப் பிரித்தபோது அவருக்கு இரண்டு கொடுத்தேன். படலையடியில் நட்டார்.

அண்மையில் போனபோது மொட்டுகளை எண்ணிக்கொண்டு நின்றார். "இண்டைக்கு ஒண்டு, நாளைக்கு ரெண்டு விரியும்" என்றவர், "நீ சொன்ன பேர் எனக்குச் சரிவராது, நான் வேற பேர் வைச்சிட்டன்" என்றார். என்ன பெயர் என்று நான் கேட்கவில்லை. புதர் பருத்திருந்தது. வருகிற ஐப்பசியில் பிரிக்கலாம் என்றேன். பக்கத்து வளவுப் பிள்ளை ஏற்கெனவே ஒன்று கேட்டு வைத்திருக்கிறாளாம்.