டிராயர் மக்கர் பண்ணுதா? தாத்தா காலத்து மேஜையை காயலான் கடைக்கு தள்ளிடாதீங்க!

காரைக்குடி:

தாத்தா காலத்து தேக்கு மேஜை. பார்க்க கம்பீரமாகத்தான் இருக்கிறது. ஆனால் டிராயரை இழுத்தால் ஒரு பக்கம் வருகிறது, மறுபக்கம் அடம் பிடிக்கிறது. மல்லுக்கட்டி இழுத்தால் கைப்பிடி மட்டும் தனியாக கையோடு வருகிறது.

'இது இனி தேறாது' என்று கிடைத்த விலைக்கு தள்ளிவிட்டு, பிளைவுட் மேஜை வாங்குபவர்கள் ஏராளம். அங்கேதான் ஏமாந்து போகிறார்கள்.

செட்டிநாட்டு வீடுகளுக்கு ஒரு காலத்தில் பர்மாவில் இருந்து கப்பலில் வந்தது தேக்கு. அந்த வீடுகளில் இருந்து வெளியேறிய மரச்சாமான்கள்தான் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் உள்ள பழம்பொருள் கடைகளில் விலை பேசப்படுகின்றன. டிராயர் கோளாறோ பல நேரங்களில் வெறும் கால் அங்குல தேய்மானம்தான்!

தேய்வது எங்கே?

டிராயரின் இரண்டு பக்கப் பலகைகளும் மேஜைக்குள் இருக்கும் சட்டங்கள் மேல் உரசித்தான் ஓடுகின்றன. ஐம்பது, அறுபது வருஷம் உரசினால் எந்த மரமும் தேயும். பக்கப் பலகையின் அடிவிளிம்பு பின்பக்கம் அதிகம் தேயும். ஓடும் சட்டம் முன்பக்கம் பள்ளம் விழும். அதனால்தான் டிராயர் தொங்கி, கோணலாகி சிக்குகிறது.

முதலில் எல்லா டிராயரையும் உருவி, எது எந்த இடம் என்று சாக்பீசால் நம்பர் போடுங்க. கையால் செய்த டிராயர் ஒன்றின் இடத்தில் இன்னொன்று சரியாக உட்காராது. பிறகு டார்ச் அடித்து சட்டத்தில் பள்ளம் இருக்கிறதா, ஆணித்தலை துருத்துகிறதா என்று பாருங்க. மாவு மாவாக கொட்டினால் அது வண்டு வேலை. மருந்து போட்டு அதை ஒழித்த பிறகே மற்ற வேலை.

சரி செய்வது எப்படி?

தேய்ந்த அடிவிளிம்பை இழைப்புளியால் நேராக இழைக்க வேண்டும். அதன் மேல் அதே ரக மரத்தில் ஒரு ரீப்பரை பசை போட்டு ஒட்டி, கிளாம்ப் மாட்டி ஒருநாள் விட வேண்டும். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. ஒட்டும் முன் தின்னர் தொட்ட துணியால் துடைத்தால்தான் பிடிக்கும்.

காய்ந்ததும் பழைய உயரத்துக்கு இழைக்கலாம். அளவு தெரியலையா? முன்பக்கம் தேயாமல் இருக்கும் இடமே அளவுகோல்.

பள்ளம் விழுந்த சட்டத்தை கழற்றி, தேயாத பக்கம் மேலே வரும்படி திருப்பிப் போட்டாலே பல மேஜைகளில் பிரச்சினை தீரும். இல்லாவிட்டால் புதுச் சட்டம் வைத்து திருகாணி போடலாம்.

ஆணி அடிக்காதீங்க!

மூலை இணைப்பு ஆடுகிறது என்று சுத்தியலை எடுத்தால் மரம் பிளந்து விடும். அந்தக் காலத்தில் வஜ்ரம் காய்ச்சித்தான் ஒட்டினார்கள். வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் அது இளகும். மெதுவாகப் பிரித்து, பழைய பசையை சுரண்டி, புதிதாக ஒட்டலாம்.

அடிப்பலகையை மட்டும் சுற்றிலும் ஒட்டக்கூடாது. ஈரத்தில் உப்பி, வெயிலில் சுருங்கும் மரத்துக்கு நகர இடம் வேண்டும். இல்லாவிட்டால் வெடித்து விடும்.

அதே காரணத்தால் மழைக்காலத்தில் டிராயர் இறுகினால் அவசரப்பட்டு இழைக்காதீங்க. ஐப்பசியில் இழைத்தால் பங்குனியில் லொடலொடன்னு ஆடும். மழை முடிந்து மரம் காய்ந்த பிறகும் சிக்கினால் மட்டும் இழைக்கலாம்.

சேனல் வேண்டாம்

'ஸ்டீல் சேனல் போட்டுட்டா ஜம்முனு ஓடும்' என்று சிலர் யோசனை சொல்வார்கள். பக்கவாட்டில் மாட்டும் சேனலுக்கு பொதுவாக இரண்டு பக்கமும் அரை அங்குலம் இடம் வேண்டும். அதாவது டிராயரின் அகலத்தில் ஒரு அங்குலம் போச்சு! பழைய பலகையை வெட்டி விட்டால் மீண்டும் ஒட்ட முடியாது. பழம்பொருள் மதிப்பும் அடிபடும்.

எல்லாம் முடிந்ததும் உரசும் இடங்களில் மெழுகுவர்த்தியை அழுத்தித் தேய்த்தால் போதும். எண்ணெய், கிரீஸ் போட்டால் தூசி அப்பி மறுபடியும் சிக்கும்.

கால் அங்குல ரீப்பரும் ஒரு துண்டு மெழுகுவர்த்தியும் போதும், தாத்தா மேஜை பேரன் காலத்துக்கும் ஓடும்!