இளையோரில் ஏட்ரியக் குறுநடுக்கம் தானாக நீங்குதல்

ஏட்ரியக் குறுநடுக்கம் என்பது இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல், தாறுமாறான மின்தூண்டல்களால் நடுங்கும் நிலையாகும். இதனால் நாடித்துடிப்பு சீரற்றுப் போகும். இது பெரும்பாலும் முதியோருக்கு வருவது. எனினும் தைராய்டு மிகைப்பு, அளவுமீறிய மது போன்ற காரணங்களால் இளையோரையும் பாதிக்கும். மது அருந்திய விடுமுறை நாள்களையொட்டி வரும் இத்தகைய துடிப்புக் கோளாறுக்கு, 1978-இல் அமெரிக்க மருத்துவர் பிலிப் எட்டிங்கர் குழுவினர் 'விடுமுறை இதயம்' எனப் பெயரிட்டனர்.

மேலறை விரிவடையாத இளம் இதயத்தில், சுற்றிவரும் மின்னலைகள் நெடுநேரம் நிலைப்பதில்லை. அவை அடங்கியதும், இதயத்தின் இயற்கை முடுக்கியான சைனஸ் கணு துடிப்பை மீண்டும் நடத்தத் தொடங்கும். பெரும்பாலும் இது 48 மணி நேரத்துக்குள் நிகழும். முதியோரிலும் இது அரிதன்று. 2019-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், உடனே மின்னதிர்ச்சி தராமல், துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் மருந்துடன் காத்திருந்த 218 பேரில் 150 பேருக்கு 48 மணி நேரத்துக்குள் தானாகவே துடிப்பு சீரானது. அவர்களின் சராசரி வயது ஏறத்தாழ 65.

இந்தியாவில் ஒரு வேறுபாடு உண்டு. சிறுவயதில் வந்த வாதக் காய்ச்சலால் ஈரிதழ் வால்வு சுருங்கிய இளையோர் இங்கு இன்றும் உள்ளனர். அவர்களுக்கு நடுக்கம் எளிதில் நீங்காது. மேலறையில் இரத்தம் உறைந்து, அக்கட்டி மூளைக்குச் சென்றால் பக்கவாதம் வரும். அதைத் தடுக்க வார்ஃபரின் தரப்படுகிறது.

குரோம்பேட்டையில் வீட்டில் தொடங்கிய படபடப்பு, மருத்துவமனையில் முறை வருவதற்குள் நின்றுவிடலாம். அப்போது எடுக்கும் ஈசிஜி இயல்பாகவே இருக்கும். அதனால் நோயில்லை என்று ஆகிவிடாது. எக்கோ, தைராய்டு பரிசோதனைகளுடன், 24 மணி நேரத் துடிப்பைப் பதியும் ஹோல்ட்டர் கருவியும் தேவைப்படலாம்.