கடல்கட்டி

கடல்கட்டி என்பவர், மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு நடைபெற்ற காலங்களில், சுறா மீன்கள் குளியாட்களைத் தாக்காதவாறு மந்திரத்தால் தடுப்பவர் என நம்பப்பட்டவர் ஆவார். தூத்துக்குடிக் கரையிலும், அதற்கு எதிரே இலங்கையின் அரிப்புக் கரையிலும் முத்துக்குளிப்போர் இவரது சடங்கு நடைபெறாமல் நீரில் இறங்குவதில்லை. முத்துக்குளித்துறையில் நல்வாய்ப்பும் காப்பும் வேண்டிச் செய்யப்பட்ட சடங்குகளுள் மிக நீண்ட காலம் எழுத்தில் பதிவாகியுள்ளது இதுவே எனலாம். 13 ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் 19 ஆம் நூற்றாண்டின் இறுதி வரை, ஏறத்தாழ 600 ஆண்டுக் காலக் குறிப்புகள் இதற்கு உள்ளன.

பெயர்

ஐரோப்பியர் இப்பெயரைச் "சுறாவைக் கட்டுபவர்" என்று பொருள்படும்படி எழுதியுள்ளனர். ஆனால் தமிழ்ச் சொல்லில் சுறா இல்லை, கட்டப்படுவது கடலே. "கட்டு" என்பது நாட்டார் மந்திர வழக்கில் பரவலாக உள்ள சொல்லாகும். விலங்கோ பாம்போ வாய் திறந்து கடிக்காதபடி செய்வது வாய்க்கட்டு எனவும், ஊருக்குள் தீங்கு நுழையாதபடி செய்வது எல்லைக்கட்டு எனவும் வழங்கும். உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டுக் கண்ணேறு கழிப்பது வந்துவிட்ட தீங்கை நீக்குவதாகும். கட்டு என்பது தீங்கு வருமுன் தடுப்பது. அதனால் அதற்கு ஒரு கால எல்லையும் உண்டு. கட்டியதை அவிழ்க்கவும் முடியும்.

சலாபத்தின் இடர்

முத்துக்குளிப்பு நடைபெறும் பருவமும் அதன் ஏற்பாடும் சலாபம் எனப்பட்டன. கடலடியில் முத்துச்சிப்பிகள் படிந்திருக்கும் பாறைத்தளம் பார் எனப்படும். குளியாள் ஒரு கல்லைக் காலில் பற்றி விரைவாக அடியில் இறங்கி, மூச்சு நிற்கும் ஒரு நிமிட அளவிலான நேரத்துக்குள் சிப்பிகளைக் கூடையில் சேர்த்துக் கயிற்றை அசைப்பார். படகில் இருப்பவர் அவரை மேலே இழுப்பார். மூச்சுக்கருவியோ முகக்கவசமோ கிடையாது. கலங்கிய நீரில் அருகில் வருவது எதுவெனத் தெரியாது.

இவ்வுழைப்புக்குக் கூலி பணமாகத் தரப்படுவதில்லை. 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் தூத்துக்குடிச் சலாபத்தில் சிப்பிகளில் மூன்றில் இரு பங்கை அரசு எடுத்துக்கொள்ள, ஒரு பங்கு குளியாட்களுக்குக் கிடைத்தது. அச்சிப்பியில் முத்து இருக்குமா என்பதும் திறக்கும் வரை தெரியாது. பாரில் சிப்பி முதிர்வதும் ஆண்டுதோறும் நிகழ்வதன்று. சலாபமே இல்லாமல் பல ஆண்டுகள் கழிவதுண்டு. எனவே ஒரு பருவத்தை அச்சத்தால் இழப்பது அரசுக்கும் குளியாட்களுக்கும் பெரிய இழப்பாகவே இருந்தது.

மார்க்கோ போலோவின் குறிப்பு

1290களில் இக்கடல் வழியே சென்ற மார்க்கோ போலோ, குளிப்போருக்குத் தீங்கு செய்யும் பெருமீன்களை மந்திரத்தால் மயக்குவோர் இருந்ததாகவும், எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு அவர்களுக்கும் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கும் சென்றதாகவும் கூறுகிறார். மந்திரம் செய்வோரை அவர் குறிக்கும் சொல் "பிராமணர்" என்பதன் திரிபு ஆகும். மீன்காவலருக்கு அரசன் பங்கில் பாதி கிடைத்தது என்பது கவனிக்கத்தக்கது.

அவர் தரும் மற்றொரு செய்தி இதனினும் சுவையானது. மந்திரம் பகலுக்கு மட்டுமே செல்லும். இரவில் அதை அவிழ்த்துவிடுவர். மீன்கள் தம் விருப்பப்படி தீங்கு செய்யலாம். பகலில் குளியாளைக் காக்கும் கட்டு இரவில் அவிழ்க்கப்படுவதால், இருட்டில் திருட்டுத்தனமாகக் குளிக்க நினைப்பவருக்குக் காப்பு இல்லை. இவ்வாறு ஒரே சடங்கு பாருக்குப் பூட்டாகவும் பயன்பட்டது.

வெள்ளி மீன்கள்

கொழும்பில் படைப்பிரிவின் மதகுருவாக இருந்த ஜேம்ஸ் கார்டினர் 1807 இல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலில் சடங்கை விரிவாக விளக்கியுள்ளார். அவர் காலத்தில் கடல்கட்டிகள் இருவர் பணியில் இருந்தனர். ஒருவர் தலைமை வழிகாட்டியின் படகில் கடலுக்குச் செல்வார். மற்றவர் கரையில், ஆடையின்றி, ஓர் அறைக்குள் அடைக்கப்பட்டிருப்பார். படகுகள் புறப்பட்டது முதல் திரும்பும் வரை அவரை எவரும் காணக்கூடாது. அவர் முன்னே நீர் நிறைந்த பித்தளைப் பாத்திரமும், அதில் வெள்ளியால் செய்த ஆண் மீன் ஒன்றும் பெண் மீன் ஒன்றும் இருக்கும். கடலில் சுறாவால் விபத்து நேர்ந்தால், அவற்றுள் ஒரு மீன் மற்றதைக் கடிக்கும் என்பது நம்பிக்கை.

இப்பணி ஒரே குடும்பத்துக்கு உரியது; பிறர் அதற்கு வரமுடியாது. கடல்கட்டிக்கு மனக்குறை ஏற்பட்டால் சுறாக்களை ஏவிவிடவும் அவரால் முடியும் எனக் குளியாட்கள் எண்ணினர். ஆகவே அவருக்கு எல்லாப் பக்கமிருந்தும் அன்பளிப்புகள் வந்தன. கார்டினர் இவர்களை ஏமாற்றுக்காரர் என்றே எழுதினாலும், இவர்கள் இல்லாமல் சலாபம் நடவாது என்பதையும் ஒப்புக்கொள்கிறார்.

சமயமும் கடல்கட்டியும்

முத்துக்குளித்துறைப் பரதவர் 1530களில் கத்தோலிக்க சமயத்தைத் தழுவினர். இதனால் கடல்கட்டியின் தேவை மறையவில்லை. 1845 முதல் 1850 வரை இலங்கையில் குடியேற்றச் செயலராக இருந்த ஜேம்ஸ் எமர்சன் டென்னன்ட், அப்போதைய கடல்கட்டிக் குடும்பத்தின் தலைவரே ஒரு கத்தோலிக்கர் எனக் குறிப்பிடுகிறார். மந்திரத்தின் வலிமை பரம்பரையைச் சார்ந்தது, செய்பவரின் சமயத்தைச் சார்ந்ததன்று என்பது குளியாட்களின் கருத்தாக இருந்தது.

டென்னன்ட் சென்றபோது அத்தலைவர் நோயுற்றிருந்தார். அவர் அனுப்பிய பதிலாள், தமக்கு மந்திரத்தின் மறைபொருள் தெரியாது என்று ஒளிக்காமல் கூறினார். ஆயினும் தாம் தலைவரின் சார்பாக வந்திருப்பதைச் சுறாக்கள் அறிந்து மதிக்கும் என்றார். அரசு அலுவலகங்களில் "பொறுப்பு" அதிகாரி கையொப்பமிடுவதை இது நினைவூட்டலாம்.

1890 ஆம் ஆண்டுச் சலாபம்

சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னிந்திய நம்பிக்கைகள் பற்றிய தம் 1912 ஆம் ஆண்டு நூலில் தூத்துக்குடியில் நிகழ்ந்த ஒன்றைப் பதிவு செய்துள்ளார். 1890 ஆம் ஆண்டுச் சலாபத்தில் குளியாள் ஒருவரைச் சுறா கடித்தது. படகுகளில் அச்சம் பரவியது. மந்திரம் அறிந்தவராகக் கருதப்பட்ட ஒரு பெண்ணைக் குளியாட்கள் அமர்த்தினர். அச்சம் தணிந்து குளிப்பு தொடர்ந்தது. ஆனால் மேலும் சிலர் கடிபட்டனர். இறுதியில் சலாபமே கைவிடப்பட்டது. காற்று சாதகமாக இருந்தது, நீர் தெளிவாக இருந்தது, படகுகள் போதிய அளவில் இருந்தன, சிப்பிக்கு நல்ல விலையும் கிடைத்தது என்று தர்ஸ்டன் வருத்தத்துடன் எழுதுகிறார்.

குளியாட்களின் நம்பிக்கை கண்மூடித்தனமானது என்ற பொதுக்கருத்துக்கு இந்நிகழ்ச்சி மாறானது. மந்திரம் பலிக்கவில்லை எனக் கண்டதும் அவர்கள் மேலும் மந்திரம் தேடிக் கடலில் இறங்கிக்கொண்டிருக்கவில்லை. விலை நன்றாக இருந்தபோதும் நிறுத்திவிட்டனர்.

விளக்கம்

சாதாரணச் சலாபங்களில் சுறாவால் நேர்ந்த விபத்துகள் மிக அரியவை. ஏராளமான படகுகள், ஓயாத கூச்சல், அடுத்தடுத்து விழும் கற்கள் ஆகியவற்றால் சுறாக்கள் விலகிச் சென்றன என்பது வழக்கமாகக் கூறப்படும் காரணமாகும். எனவே பெரும்பாலான ஆண்டுகளில் கடல்கட்டியின் மந்திரம் "பலித்தது".

மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி, பசிபிக் கடலின் துரோபிரியாண்டு தீவுகளை ஆராய்ந்து 1925 இல் எழுதிய கட்டுரை இங்கு ஒப்பிடத்தக்கது. அங்கு அமைதியான காயலில் மீன்பிடிப்போர் மந்திரம் எதுவும் செய்வதில்லை. இடரும் நிச்சயமின்மையும் மிகுந்த திறந்த கடலுக்குச் செல்வோரே விரிவான சடங்குகளைச் செய்தனர். அறிவும் திறமையும் எட்டாத இடத்தில்தான் மந்திரம் தொடங்குகிறது என்பது அவர் கருத்து. கல்லைப் பற்றுவதும் மூச்சடக்குவதும் குளியாளின் திறமைக்கு உட்பட்டவை. அவற்றுக்குக் கடல்கட்டி தேவைப்படவில்லை. சுறா வருவதும் வராததும் மட்டுமே அவர் பொறுப்பு.

ஆனால் இவ்விளக்கம் முழுமையானதன்று. சடங்கு முடியாமல் இறங்கமாட்டோம் என்பது, ஆட்சியாளரும் குத்தகைதாரரும் மறுக்க முடியாத ஒரு நிபந்தனையாகவும் இருந்தது. உயிருக்கு அஞ்சுகிறோம் என்று சொல்லும் குளியாளைக் கோழை எனலாம். கடல்கட்டி இன்னும் வரவில்லை என்பவரை அவ்வாறு சொல்ல முடியாது.

பிற்காலம்

20 ஆம் நூற்றாண்டில் சலாபங்கள் அருகின. தூத்துக்குடியில் 1955 இல் மீண்டும் தொடங்கிய சலாபங்கள் 1961 உடன் நின்றன. அதன்பின் அங்கு முத்துக்குளிப்பு நடத்தப்படவில்லை. சங்குகுளித்தல் மட்டும் தொடர்கிறது. முன்னோர் மூச்சடக்கி இறங்கிய அதே கடலில் இன்றைய குளியாட்கள் பலர் முகக்கவசமும் காற்றுக்குழாயும் கொண்டு இறங்குகின்றனர்.