மலையேறும் மின்சாரம்

கோவை மாவட்டம் ஆனைமலைத் தொடரில், மலையைக் குடைந்து பூமிக்கடியில் அமைத்த மின்நிலையம் காடம்பாறை. தலா 100 மெகாவாட் திறனுள்ள நான்கு இயந்திரங்கள் அங்கே இருக்கின்றன. மாலையில் மின்தேவை ஏறும்போது மேலணையின் தண்ணீர் சுரங்கக் குழாய் வழியே பாய்ந்து அவற்றைச் சுழற்றுகிறது, மின்சாரம் பிறக்கிறது. தேவை குறைந்த நேரத்தில் அதே இயந்திரங்கள் எதிர்த்திசையில் சுற்றும். மின்சாரம் தந்த ஜெனரேட்டர் இப்போது மோட்டார். டர்பைன் இப்போது பம்ப். கீழே உள்ள ‘மேல் ஆழியாறு’ நீர்த்தேக்கத்துக்குப் போன தண்ணீர் மறுபடி மலையேறுகிறது.

ஆற்றல் என்றால் வேலை செய்யும் திறன் என்று பள்ளியில் படித்திருப்போம். அது எப்படியெல்லாம் உருமாறுகிறது என்பதைக் காடம்பாறையில் முழுதாகப் பார்க்கலாம். மேலணையில் அசையாமல் கிடக்கும் நீரில், அதை ஏற்றச் செலவான மின்னாற்றல் நிலை ஆற்றலாக இருக்கிறது. பாயும்போது அது இயக்க ஆற்றல். டர்பைனைத் தாண்டினால் திரும்பவும் மின்னாற்றல்.

இந்த மாற்றங்களுக்குக் கறாரான கணக்கு உண்டு. ஒரு டன் தண்ணீரை 100 மீட்டர் உயர்த்த ஏறத்தாழ 9,80,000 ஜூல் வேண்டும். நம் வீட்டு மீட்டரில் ஓடும் ஒரு யூனிட் 36,00,000 ஜூல். ஆக, ஒரே ஒரு யூனிட்டைச் சேமிக்க மூன்றரை டன்னுக்கு மேல் நீரை அந்த உயரத்துக்கு ஏற்றியாக வேண்டும். இதற்கு அணைகள் தேவைப்படுவதில் வியப்பில்லை. வெப்பத்தின் கணக்குதான் எனக்குத் தீராத வியப்பு: 30 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் ஆற்றல், அதே லிட்டரைக் கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர் உயரத்துக்குத் தூக்கப் போதும்!

இத்தகைய நிலையங்களில் நான்கு யூனிட் செலவழித்தால் திரும்பக் கிடைப்பது சுமார் மூன்றுதான். மீதி அழிந்துவிடவில்லை. குழாய்ச் சுவரில் நீர் உரசியும், கம்பிச் சுருள்கள் சூடேறியும் வெப்பமாகிவிட்டது. உராய்வில் செலவாகும் ஆற்றலுக்கு நிகராக இவ்வளவு வெப்பம் என்ற விகிதத்தை 1840களில் அளந்து காட்டினார் ஜேம்ஸ் ஜூல். ஆனால் நீரிலும் காற்றிலும் பரவிப்போன அந்த மெல்லிய சூட்டைத் திரட்டி மறுபடி டர்பைனைச் சுழற்ற முடியாது.

நஷ்டம் என்று தெரிந்தும் ஏன் ஏற்றுகிறார்கள்? மின்கட்டமைப்பில் உற்பத்தியும் செலவும் நொடிக்கு நொடி ஒத்துப்போக வேண்டும். காற்றாலைகள் நம் தேவை பார்த்துச் சுழல்வதில்லை. வீடுகளில் விளக்கு எரியும் வேளையில் சூரிய மின்சாரம் நின்றுவிடுகிறது. நீலகிரியின் குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு இதே வகை நீரேற்று நிலையம் திட்டமிடப்பட்டது இந்த இடைவெளியை நிரப்பத்தான்.