பழைய தொலைக்காட்சிக்கு ஒரு மாற்றுப்பெட்டி

ஒரு யந்திரம் பழுதடைவது வேறு; பழுதே இன்றிப் பயனற்றுப் போவது வேறு. முன்னதைச் சரிசெய்யத் தொழிலாளி ஒருவன் உண்டு. பின்னது நேரும்போது குறை யந்திரத்தில் இல்லை. அதனைச் சூழ்ந்த உலகமே மாறிவிட்டது என்று கொள்ளவேண்டும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 2009-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் நாள் இத்தகைய நிகழ்ச்சி ஒன்று நேர்ந்தது. முழு வலிமையுடன் ஒளிபரப்பி வந்த நிலையங்களுள் பல முன்னரே அனலாக் முறையைக் கைவிட்டிருந்தன. எஞ்சியவை அன்றோடு கைவிட்டன. ஆண்டெனாவை மட்டுமே நம்பியிருந்த பழைய பெட்டிகள், தம்மிடம் ஒரு குறையும் இல்லாமலே, வெண்புள்ளிகளையும் இரைச்சலையும் காட்டி நின்றன. அவற்றுக்கு மீண்டும் பார்வை அளித்த சிறு கருவியைப் பற்றியே இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன்.

மாணவ நண்பர்களே, தொலைக்காட்சிக்கு அருகே ஒரு பெட்டி என்றவுடன், நம் வீடுகளில் கேபிள்காரர் கொணர்ந்து வைக்கும் செட்-டாப் பெட்டி உங்கள் நினைவுக்கு வரக்கூடும். அது மாதக் கட்டணம் செலுத்தியவர் யார், செலுத்தாதவர் யார் என்றும் பார்த்துக்கொள்ளும் பெட்டி. நான் கூறும் மாற்றுப்பெட்டிக்கு அத்தகைய காவல் வேலை எதுவும் இல்லை. வானில் கட்டணமின்றி வரும் டிஜிட்டல் அலையை வாங்கி, பழைய தொலைக்காட்சிக்குப் புரியும் அனலாக் மொழியில் அதனைத் திருப்பிச் சொல்வது ஒன்றே அதன் தொழில். துபாஷி என்று முன்னாளில் கூறுவார்களே, அந்த வேலைதான்.

இரு முறைகளுக்கும் உள்ள வேற்றுமையை ஒரு கோலத்தைக் கொண்டு விளக்கலாம். எதிர்வீட்டு வாசலில் உள்ள கோலத்தின்மேல் மெல்லிய தாளை விரித்துப் பார்த்து வரைந்துகொள்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். தாள் சற்று நகர்ந்தால் கோடு பிசகும். மை கசிந்தால் படம் மங்கும். எனினும் அது இன்ன கோலம் என்று தெரிந்துவிடும். அனலாக் ஒளிபரப்பு இவ்வகையைச் சேர்ந்தது. இதற்கு மாறாக, அயலூரில் உள்ள தங்கைக்குத் தொலைபேசியில், "பதினைந்து புள்ளி, ஊடுபுள்ளி, எட்டில் முடியும்" என்று அக்காள் சொல்கிறாள். தங்கை அதைக் கேட்டுத் தன் வாசலில் புதிதாகவே போட்டுவிடுகிறாள். இடையிலே எத்தனை காதம் இருந்தாலும் கோலத்தில் மாசு இல்லை. டிஜிட்டல் முறை இதுவே. படமும் ஒலியும் எண்களாகப் பயணம் செய்கின்றன. பெட்டி அவற்றைக் கொண்டு படத்தைப் புதிதாகத் தீட்டுகிறது. ஆயின், தொலைபேசியில் இரைச்சல் மிகுந்து எண்கள் காதில் விழாமற் போனால், தங்கையின் வாசலில் அரைக்கோலம்கூட விழாது. இந்தக் கடைசிச் செய்தியை மறவாதீர்கள். இது பின்னர் வேண்டியிருக்கும்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த முறையை ஏன் மாற்றினார்கள்? வானலை என்பது நிலத்தைப் போல அளவுக்கு உட்பட்ட சொத்து. அமெரிக்காவில் ஒரு தொலைக்காட்சி நிலையத்துக்கு 6 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள இடம் ஒதுக்கப்படுகிறது. அனலாக் முறையில் அதற்குள் ஒரு நிகழ்ச்சியே அடங்கும். எண்களைச் சுருக்கி அனுப்பும் டிஜிட்டல் முறையில் அதே இடத்தில் பல நிகழ்ச்சிகள் அடங்கும். ஆகவே நிலையங்களை நெருக்கி அமர்த்தி, 52 முதல் 69 வரையுள்ள சானல்களைக் காலி செய்தனர். அவ்வாறு கிடைத்த இடத்தில் ஒரு பகுதி போலீஸ், தீயணைப்புப் படை முதலியோரின் வானொலித் தொடர்புக்குச் சென்றது. மற்றொரு பெரும் பகுதியைக் கைப்பேசி நிறுவனங்கள் முதலியன 2008-இல் ஏலத்தில் எடுத்தன; அரசுக்கு ஏறக்குறைய 1,900 கோடி டாலர் கிடைத்தது.

இவ்வளவு பெரிய வரவில், பார்வையிழக்கப்போகும் பெட்டிகளின் சொந்தக்காரர்களுக்கு என்ன பங்கு? நியாயமான இக்கேள்வியை அந்நாட்டுச் சட்டமன்றமும் எண்ணிப் பார்த்தது. அதன் விளைவே கூப்பன் திட்டம். 2008 ஜனவரி முதல், விண்ணப்பிக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் 40 டாலர் மதிப்புள்ள கூப்பன்கள் இரண்டு வரை அளிக்கப்பட்டன. மாற்றுப்பெட்டியின் விலை பெரும்பாலும் 40 முதல் 80 டாலர் வரை இருந்தது. ஒரு பெட்டிக்கு ஒரு கூப்பன்தான். இரண்டையும் சேர்த்து ஒன்று வாங்க இயலாது. 90 நாட்களுக்குள் பயன்படுத்தாவிடில் கூப்பன் காலாவதியாகும். முதியோர் இல்லங்களில் வாழ்வோர் தொடக்கத்தில் விண்ணப்பிக்கவே வழியில்லாதிருந்தது. பின்னர்தான் விதியைத் திருத்தினர். 2009 ஜனவரியில் ஒதுக்கிய பணம் முடிந்து, மனுச் செய்தவர்கள் காத்திருக்கும் பட்டியலில் நின்றார்கள். முதலில் பிப்ரவரி 17 என்று குறித்திருந்த நாளை ஜூன் 12-க்குத் தள்ளிவைத்ததற்கு இது முக்கியமான காரணம். தாமதம் எப்போதும் திறமையின்மையின் அடையாளம் ஆகாது. அந்த நான்கு மாதங்கள் நல்ல செலவு என்பதே என் கருத்து.

ஹவாய்த் தீவினர் மட்டும் காத்திராமல், 2009 ஜனவரி 15-ஆம் நாளே மாறிவிட்டனர். அவர்களுக்கு அவசரம் ஒரு பறவையால் வந்தது. ஹலேயகலா எரிமலைப் பகுதியில் அருகி வரும் கடற்பறவை ஒன்று கூடு கட்டுகிறது. அது கூடுகட்டும் பருவம் வருமுன் அங்கிருந்த பழைய ஒளிபரப்புக் கோபுரங்களை அகற்ற வேண்டியிருந்தது.

அக்காலத்தில் நான் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் மலைகளுக்கிடையே அமைந்த சிற்றூர் ஒன்றில் தங்கியிருந்தேன். அண்டை வீட்டு மூதாட்டி கூப்பனைக் கொண்டு ஒரு பெட்டி வாங்கிவந்து, அதைப் பூட்டித் தருமாறு என்னை அழைத்தார். வேலை எளியது. ஆண்டெனாவிலிருந்து வரும் கம்பியைத் தொலைக்காட்சியிலிருந்து கழற்றி, மாற்றுப்பெட்டியின் உள்வாயிலில் இணைக்கவேண்டும். பெட்டியின் வெளிவாயிலிலிருந்து மற்றொரு கம்பி, தொலைக்காட்சியில் ஆண்டெனா இருந்த இடத்துக்குச் செல்லவேண்டும். பின்னர்த் தொலைக்காட்சியை 3-ஆம் சானலிலோ 4-ஆம் சானலிலோ நிறுத்திவிட்டால், அதன்பின் அதைத் தொடவேண்டியதில்லை; நிலையங்களை மாற்றுவது பெட்டியின் ரிமோட்டே.

மூதாட்டியின் தொலைக்காட்சியோ மரப்பேழையில் அமைந்த மிகப் பழையது. அதன் பின்புறத்தில் உருண்டைக் கம்பியைத் திருகும் வாயில் இல்லை. தட்டைக் கம்பிக்கான திருகாணிகள் இரண்டு ஜோடி இருந்தன. ஒன்று வி.எச்.எப்., மற்றது யு.எச்.எப். என்னும் அலைகளுக்கு உரியது. 3-ஆம் சானல் முதல் வகையைச் சேர்ந்ததாதலின், கம்பியை வி.எச்.எப். திருகாணியில்தான் முடுக்கவேண்டும். தட்டைக் கம்பியின் மின்தடைப் பண்பு 300 ஓம். உருண்டைக் கம்பியினது 75 ஓம். இரண்டையும் பொருத்துவதற்கு விரலளவான ஒரு மாற்றி வேண்டும். ஆண்டெனாப் பக்கத்துக்கு ஒன்று, தொலைக்காட்சிப் பக்கத்துக்கு ஒன்று என இரண்டு வாங்கிவந்தோம். அதன்பின் பெட்டியைத் துழாவச் சொன்னோம். அது தானாகவே வானைத் தேடி, கிடைத்த நிலையங்களைக் குறித்துக்கொண்டது. படம் தோன்றிற்று, அந்தப் பழைய கண்ணாடியிலே அத்தனை தெளிவை அவர் என்றும் கண்டதில்லை.

ஆனால் கோலக் கதையின் கடைசிப் பகுதி இங்கே வந்து சேர்ந்தது. முன்பு அவர் நான்கு நிலையங்களைப் பார்த்துவந்தார். அவற்றுள் இரண்டு எப்போதும் பனி பெய்தாற்போல் மங்கலாகவே தெரியும். மங்கலாயினும் செய்தி கேட்கலாம். புயலும் வெள்ளமும் வரும்போது எச்சரிக்கை கேட்கலாம். டிஜிட்டல் முறையில் மங்கல் என்னும் இடைநிலை ஏறக்குறைய இல்லை. அலையின் வலிமை ஓர் அளவுக்கு மேல் இருந்தால் முழுப்படம். அதற்குச் சற்றுக் குறைந்தால் படம் கட்டங்கட்டமாக உறைந்து, மேலும் குறைந்தால் கருந்திரை. மலைச்சரிவில் நடப்பவன் ஓரடி தவறினால் விழுவது போன்றது இது. பொறியியலாரும் இதற்குச் செங்குத்துப் பாறையையே உவமை கூறுவர். மூதாட்டியின் இரு மங்கல் நிலையங்களும் அந்த விளிம்புக்கு அப்பால் விழுந்துவிட்டன. ஆண்டெனாவைக் கூரையின்மேல் மேலும் பத்தடி உயர்த்தினோம். ஒன்று திரும்பியது, மற்றொன்று திரும்பவே இல்லை. கம்பத்துக்கும் கம்பிக்கும் ஆன செலவைக் கூப்பன் ஏற்கவில்லை. பெட்டிக்கு மட்டுமே அது செல்லும். சட்டம் இயற்றியவர்கள் பெட்டியின் விலையைக் கணக்கிட்டார்கள். குன்றின் உயரத்தைக் கணக்கிடவில்லை.

நகரத்தாருக்கும் தொல்லை இல்லாமற் போகவில்லை. ஒரு நிலையம் தன்னை 7 என்று அழைத்துக்கொண்டாலும், அது உண்மையில் அனுப்பும் அலை வேறொரு சானலுக்கு உரியதாக இருக்கலாம். பழகிய எண்ணைப் பெட்டி வெறும் பெயராகக் காட்டுகிறது. மாறுங்காலத்தில் யு.எச்.எப்.பில் இருந்த சில நிலையங்கள், ஜூன் 12 அன்று மீண்டும் வி.எச்.எப்.புக்கு வந்தன. பெட்டியை மறுமுறை துழாவச் செய்யாதவர் அவற்றை இழந்தனர். யு.எச்.எப். அலைக்கென்றே செய்யப்பட்ட சிறு வளைய ஆண்டெனா வைத்திருந்தவர், துழாவியும் இழந்தனர். சிகாகோ, பிலடெல்ஃபியா போன்ற பெருநகரங்களிலும் இக்குறை எழுந்தது. மின்கலத்தில் ஓடும் கைத்தொலைக்காட்சிகளின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. சூறாவளியில் மின்சாரம் நின்ற இரவுகளில் உதவியவை அவை. பெரும்பாலான மாற்றுப்பெட்டிகளுக்கோ வீட்டு மின்சாரம் இன்றியமையாதது.

சிறிய வட்டாரங்களுக்குக் குறைந்த வலிமையில் ஒளிபரப்பும் நிலையங்களை 2009-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்தவில்லை. அவை அனலாக் முறையிலேயே நெடுநாள் தொடர்ந்தன. அவற்றையும் காண விரும்புவோர், பழைய அலையைத் தடுக்காமல் அப்படியே தொலைக்காட்சிக்குக் கடத்திவிடும் வகைப் பெட்டியைக் கேட்டு வாங்கவேண்டியிருந்தது. எல்லாப் பெட்டிகளிலும் அவ்வசதி இல்லை. 2021 ஜூலை 13-ஆம் நாளோடு அந்நிலையங்களுக்கும் தவணை முடிந்தது. அதற்குள்ளாகவே, 2017 நவம்பரில், மேலும் புதிய டிஜிட்டல் முறை ஒன்றை விரும்பும் நிலையங்கள் கையாள அந்நாட்டு ஆணையம் அனுமதி அளித்திருந்தது. கூப்பன் கொடுத்து வாங்கிய அந்த மாற்றுப்பெட்டிகளுக்கு அப்புதிய மொழி தெரியாது.